எழுத்தில் சம்மதம் இல்லாமல் லிஃப்ட்டை நிறுத்தக் கூடாது

பெருமதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

நாலாவது மாடியிலிருந்து உங்கள் அத்தை எழுதுவது. உங்களுக்கும் என் மகளுக்கும் பேத்திக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இருக்காது என்று நம்புகிறேன். எனக்கும் குறை ஒன்றும் இல்லை. வலது முட்டி மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. அது உங்களுக்குத் தெரிந்த சங்கதிதான், ஏனென்றால் அதைத்தான் நீங்கள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். போன மாதம் என்னோடு போனில் பேசி முடித்தபிறகு, வைத்தாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு என் மகளிடம், "உங்கம்மாவோட பிடிவாதம்தான் அந்த முட்டியைத் தாங்கிட்டிருக்கு" என்றீர்கள். நீங்கள் போனை வைத்திருக்கவில்லை. நானும் வைக்கவில்லை. இதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. ஞாபகத்தில் மட்டும் வைத்துக்கொள்வேன்.

விஷயத்துக்கு வருகிறேன். கடைசியாக நீங்கள் குடும்பத்தோடு இங்கே வந்த அன்று லிஃப்ட் ஓடவில்லை. பெட்டிகளை நீங்களே தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏறி வந்து, நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, வாங்குகிற மூச்சோடு மூச்சாக, "போதும் அத்தை, இந்த வீட்டைப் பூட்டிட்டு எங்களோட வந்துடுங்க" என்றீர்கள். நான் மாட்டேன் என்றேன். இந்த வீட்டில் எந்த ஜன்னலைத் திறந்தால் எந்தக் கதவு அடித்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும், உங்கள் வீட்டில் எனக்கு எந்தக் கதவும் தெரியாது, அங்கே எனக்குக் கொடுக்கிற அறையில் இஸ்திரி மேஜை நிற்கிறது, நான் படுத்திருக்கும்போதே வந்து சட்டையைத் தேய்த்துக்கொண்டு போகிறீர்கள். இதைச் சொன்னதும் நீங்கள் சிரித்தீர்கள். சிரித்துக்கொண்டே, "சரி அத்தை, லிஃப்ட் ஒழுங்கா ஓடும்னு அந்தக் கம்பெனிகிட்ட எழுத்துல வாங்கிக் காட்டுங்க, காட்டிட்டா அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன்" என்றீர்கள். நீலச் சட்டை போட்டிருந்தீர்கள். மேலிருந்து இரண்டாவது பொத்தான் போடவில்லை. கையில் தண்ணீர் டம்ளர். சாட்சிக்கு மகளும் பேத்தியும் நின்றார்கள். அத்தைக்குக் கடிதம் எழுதத்தான் தெரியும், அவங்க எங்கே எழுதி வாங்கப் போறாங்க என்கிற தைரியத்தில் சொன்னீர்கள் என்று எனக்குத் தெரியும். வாங்கிவிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நான் வரப்போவதில்லை.

எப்படி வாங்கினேன் என்பதைக் கேளுங்கள். பழைய பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்து, புது ஒப்பந்தம் என்று லிஃப்ட் கம்பெனி ஒரு கட்டுக் காகிதம் அனுப்பியிருந்தது. குடியிருப்போர் கூட்டத்தில் அதை மேஜையில் வைத்தார்கள். எங்கள் சங்கச் செயலாளரை உங்களுக்குத் தெரியும், இரண்டாவது மாடி, நான் அவருக்குக் 'கையெழுத்து' என்று பெயர் வைத்திருக்கிறேன். எந்தக் காகிதத்தைக் காட்டினாலும் மூடியைத் திறந்த பேனாவோடு நிற்பார். அடுத்த வீட்டுப் பார்சலுக்குப் போடுவார், எதிர்க் கட்டடத்துப் பார்சலுக்கும் போடுவார். அன்றைக்கும் போடப்போனார். நான் அந்தக் காகிதத்தின்மேல் கையை வைத்துவிட்டேன். "இதுல என்ன எழுதியிருக்குன்னு சொல்லிட்டுப் போடுங்க" என்றேன். அவர் முதல் பக்கத்தைப் பார்த்தார், கடைசிப் பக்கத்தைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்தார். "வழக்கமா எழுதுறதுதான் எழுதியிருக்காங்க." "வழக்கமா என்ன எழுதுவாங்க?" அவர் மறுபடி முதல் பக்கத்துக்குப் போனார். மூன்றாவது மாடிக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். செயலாளருக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்போ நீங்களே படிச்சு, நீங்களே பேசி முடிங்கம்மா" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். கேலிக்குத் தட்டினார்கள் என்பது புரியாத அளவுக்கு நான் வெகுளி இல்லை. ஆனால் தட்டியதும் தீர்மானம் ஆகிவிட்டது என்று எழுந்து வந்துவிட்டேன், காகிதத்தோடு.

படித்தேன் மாப்பிள்ளை. விரலை வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். உங்கள் தயவும் இதில் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். உங்கள் வீட்டில் இருந்தபோது ஒருநாள், அதே இஸ்திரி மேஜையில் சட்டையைத் தேய்த்துக்கொண்டே, உங்கள் ஆபீசில் யாரிடமோ போனில் சொன்னீர்கள்: "பெரிய வார்த்தையைப் பார்த்து மிரளாதே. ஒவ்வொரு ஷரத்தையும் நீ வீட்டுல பேசுற பேச்சுல ஒருதடவை சொல்லிப் பாரு. அப்புறம் மூணு கேள்வி கேளு. யாரு செய்யணும், எப்போ செய்யணும், செய்யலைன்னா என்ன." நான் தூங்குகிறேன் என்று நினைத்திருப்பீர்கள். அந்த மூன்று கேள்வியை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன்.

முதல் கேள்வியிலேயே சிக்கிக்கொண்டேன். அந்தக் காகிதத்தில் யாருமே எதையுமே செய்வதில்லை. 'பழுது நீக்கப்படும்.' 'ஆவன செய்யப்படும்.' 'பரிசீலிக்கப்படும்.' எல்லாம் தானாகவே நடந்துகொள்கிறது, உங்கள் அக்கா வீட்டுக் கல்யாணத்தில் எங்கள் வீட்டாருக்குச் சாப்பாடு போடப்பட்ட மாதிரி. அன்றைக்கு யார் போட்டார்கள் என்று இன்றுவரை தெரியாது, ஏனென்றால் எங்களுக்கு யாரும் போடவில்லை. அதனால் எங்கெல்லாம் 'படும்' என்று முடிகிறதோ அங்கெல்லாம் பென்சிலால் 'யாரு?' என்று எழுதி வைத்தேன்.

கொஞ்சம் பழகியதும் ஒன்று புரிந்தது. ஒவ்வொரு ஷரத்துக்குப் பின்னாலும் எங்கேயோ நடந்த ஒரு சண்டை ஒளிந்திருக்கிறது. 'பயணிகள் உள்ளே குதிப்பதால் ஏற்படும் பழுதுக்கு நிறுவனம் பொறுப்பேற்காது' என்று ஒரு வரி. யாரோ ஒரு தடியன் ஒருநாள் குதித்திருக்கிறான், கம்பெனி அதை மறக்கவில்லை. 'பீரோ முதலிய கனமான பொருட்களை' என்று இன்னொரு வரி. ஒரு வீட்டுக்காரர் பீரோவோடு உள்ளே போயிருக்கிறார், கம்பெனி அதையும் மறக்கவில்லை. இதைப் பார்த்ததும் எனக்குப் பயம் விட்டுப்போயிற்று. ஒப்பந்தம் எழுதுகிறவர்களும் என்னை மாதிரிதான். நடந்ததை மறக்கமாட்டார்கள், மரியாதையாக எழுதிவைப்பார்கள். அவர்கள் ஞாபகத்தை அவர்கள் எழுதியிருந்தால், என் ஞாபகத்தை நான் எழுத வேண்டியதுதானே.

கம்பெனி மேனேஜரை வரச்சொன்னேன். வந்தார். உங்கள் வயதுதான் இருக்கும், கழுத்தில் டை, தோளில் பை, முகத்தில் சீக்கிரம் முடித்துக்கொண்டு கிளம்பலாம் என்கிற களை. சாப்பாட்டு மேஜையில் உட்காரவைத்து டீ கொடுத்து, காகிதத்தை நடுவில் வைத்தேன்.

"தம்பி, நியாயமான காலத்துக்குள் பழுது நீக்கப்படும்னு போட்டிருக்கீங்க. நியாயமான காலம்னா எவ்வளவு நேரம்?"

"அது சந்தர்ப்பத்தைப் பொறுத்ததும்மா."

"யாரோட சந்தர்ப்பம்?"

"எல்லாரோடதும்தான்."

"உள்ளே நான் மாட்டிக்கிட்டா எவ்வளவு நேரம் நியாயம்? நீங்க மாட்டிக்கிட்டா எவ்வளவு நேரம் நியாயம்?"

அவர் சிரித்தார். "ரெண்டுக்கும் ஒரே நேரம்தாம்மா."

"அந்த நேரத்தை எழுதுங்க."

டீ ஆறும்வரை யோசித்தார். ஆள் உள்ளே மாட்டிக்கொண்டால் ஒரு மணி நேரத்துக்குள் மெக்கானிக் வந்து நிற்க வேண்டும் என்று எழுதினார். 'யாரு' என்ற இடத்தில் கம்பெனி என்று எழுதினார். செய்யாவிட்டால் அந்த மாதக் கட்டணம் கிடையாது என்று நான் எழுதவைத்தேன். அவர் ஒன்றும் லேசுப்பட்ட ஆள் இல்லை மாப்பிள்ளை. "அப்போ காரணமில்லாம கூப்பிடக் கூடாதுன்னு நானும் ஒண்ணு சேர்க்கணும். போன கோடையில லிஃப்ட்டுக்குள்ள வெங்காய வாசனை வருதுன்னு எங்க ஆளை வரவழைச்சீங்க" என்றார். வரவழைத்தது உண்மை. ஞாபகம் வைத்துக்கொள்கிற மனிதரைப் பார்த்தால் எனக்கு ஒரு மரியாதை வரும். விட்டுக்கொடுத்துவிட்டேன். இடி விழுந்தால், வெள்ளம் வந்தால் கம்பெனி பொறுப்பில்லை என்ற வரியையும் விட்டுக்கொடுத்தேன். வெள்ளத்தோடு எனக்குப் பழைய விரோதம் எதுவும் இல்லை.

ஆனால் மூன்று இடத்தில் நான் அசையவில்லை. 'மறுப்புத் தெரிவிக்காத பட்சத்தில் ஒப்பந்தம் தானாகவே புதுப்பிக்கப்படும்' என்று இருந்தது. "போகச் சொல்லலைன்னா இருந்துக்குவீங்களா?" என்றேன். "அப்படித்தாம்மா" என்றார். ஒருநாள் தங்கிப் போகிறேன் என்று வந்த என் வீட்டுக்காரரின் சித்தப்பா, யாரும் போகச் சொல்லவில்லை என்ற ஒரே காரணத்துக்காக என் மகள் பள்ளிக்கூடம் முடிக்கிறவரை எங்கள் கூடத்தில் இருந்தார். அந்த வரியை அடிக்கச் சொன்னேன். அடித்தார்.

இரண்டாவது, ஒட்டுப்போட்டு ஓட்டுகிற வேலை. 'தற்காலிகமாகச் சீர்செய்து இயக்கலாம்' என்று இருந்தது. இரண்டை அமுக்கினால் மூன்றில் போய் நிற்கிற லிஃப்ட்டுக்கு டேப் ஒட்டி, அந்த டேப்பின்மேல் டேப் ஒட்டி ஓட்டினவர்கள்தான் இவர்கள். "இனிமே ஒட்டு கிடையாது. பழுதுன்னா முழுசாச் சரிபண்ணிட்டுத்தான் ஓட்டணும்" என்றேன். "யோசிச்சுக்கோங்கம்மா" என்றார். யோசித்துவிட்டேன் என்றேன். கம்பெனிதான் செய்ய வேண்டும், செய்யாவிட்டால் கட்டணம் கிடையாது என்றும் சேர்த்து எழுதினார்.

மூன்றாவது எனக்கு உயிர். முன்னொரு நாள் காய் வாங்கக் கீழே போனேன், திரும்பி வந்தால் லிஃப்ட்டில் 'பராமரிப்புப் பணி' என்று பலகை தொங்குகிறது. யாரைக் கேட்டு நிறுத்தினார்கள்? யாரையும் கேட்கவில்லை. வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் காய்ப்பையை மடியில் வைத்துக்கொண்டு பொழுது சாய்கிறவரை உட்கார்ந்திருந்தேன். போகிற வருகிறவர்களிடமெல்லாம் அந்தக் கையெழுத்து, "பாட்டி காத்து வாங்குறாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கீரை வாடிப்போயிற்று. அதனால், நாலாவது மாடியில் குடியிருப்பவர் எழுத்தில் சம்மதம் தராமல் லிஃப்ட்டை நிறுத்தவோ மின்சாரத்தைத் துண்டிக்கவோ கூடாது என்று எழுதச்சொன்னேன்.

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அம்மா, இது நாளைக்கு உங்களுக்கே இடைஞ்சலாகும். அவசர நேரம் தவிரன்னு ரெண்டு வார்த்தை சேர்த்துக்கிறேனே."

"சேர்த்தா எல்லாத்தையும் அவசரம்பீங்க."

"சொல்ல மாட்டோம்மா."

"காய் வாங்கப் போன அன்னைக்கு என்ன அவசரம்?"

அவர் பேனாவை மறுபடி எடுத்து அப்படியே எழுதிவிட்டார். செயலாளரைக் கூப்பிட்டோம். வந்தார், மேனேஜர் பேனாவை வாங்கினார், எல்லாப் பக்கத்திலும் போட்டார். ஒரு வரி படிக்கவில்லை. போட்டு முடித்து பேனாவைத் தன் சட்டைப் பையில் சொருகிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். அதை அப்போது நாங்கள் கவனிக்கவில்லை.

மேனேஜர் விடைபெற்றார். புது ஒப்பந்தத்தில் லிஃப்ட் எப்படி இறங்குகிறது என்று பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை. நானும் கூட ஏறினேன். மூன்றாவது மாடியைத் தாண்டியதும் ஒரு முக்கல், ஒரு குலுக்கல், நின்றுவிட்டது.

மேனேஜர் எல்லாப் பொத்தானையும் அமுக்கினார். மணியை அடித்தார். பிறகு போனை எடுத்துத் தன் கம்பெனிக்கே பேசினார். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியமானது, தயவுசெய்து காத்திருக்கவும்' என்று ஒரு பெண் குரல் சொல்லி, பாட்டு போட்டது. அந்தப் பாட்டை அவர் அதுவரை கேட்டதில்லை போலிருக்கிறது. "இது நியாயமான காலந்தானா தம்பி?" என்று கேட்டேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒன்று சொல்ல வேண்டும், எழுதியபடி நடந்துகொண்டார்கள். ஒரு மணி நேரம் ஆகுமுன்னே மெக்கானிக் வந்துவிட்டான். நல்ல பையன். மேலே மோட்டார் அறைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, கதவு இடுக்கு வழியாகப் பேசினான். "மெயின் சுவிட்சை அணைச்சிட்டு, கையால சக்கரத்தைச் சுத்தி ரெண்டாவது மாடிக்கு இறக்கிடுவேன். அணைச்சிடட்டுமா சார்?"

"அணை, அணை" என்றார் மேனேஜர்.

"நில்லு" என்றேன் நான்.

"என்னம்மா?"

"எழுத்துல சம்மதம் வேணும்ல."

மேனேஜர் என்னைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். "அம்மா, சம்மதம் தரவேண்டிய ஆள் நீங்க. நீங்களே உள்ளேதான் இருக்கீங்க. வாயால சொல்லுங்க போதும்."

"வேணும்னு சொன்னவ நான். வேண்டாம்னு சொன்னவர் நீங்க. மை காயறதுக்குள்ள நானே அதை மீறினா, நாளைக்கு உங்க ஆளு பலகையை மாட்டிட்டு, அன்னைக்கு நீங்க வாயாலதானே சொன்னீங்கம்பான்."

"நான் அப்படிச் சொல்ல மாட்டேன் பாட்டிம்மா" என்றான் மெக்கானிக் வெளியிலிருந்து.

"நீ சொல்ல மாட்டே. உனக்கு அடுத்து வர்றவன் சொல்லுவான்."

சரி எழுதுங்கள் என்று மேனேஜர் பையைத் திறந்தால் பேனா இல்லை. பேனா கையெழுத்தின் சட்டைப் பையில். சத்தம் கேட்டு அந்த மனிதரும் கதவுக்கு வெளியே வந்து நின்றுகொண்டு, "என்ன வேணும், நான் கையெழுத்துப் போடட்டுமா?" என்று கேட்கிறார். "உங்களுக்கு அந்த அதிகாரம் இல்லை, படிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும், பேனாவை மட்டும் கொடுங்க" என்றேன். மெக்கானிக் அந்தப் பேனாவை வாங்கி இடுக்கு வழியாகத் தள்ளினான், அது உருண்டு லிஃப்ட்டுக்கும் சுவருக்கும் நடுவே இருக்கிற ஓட்டைக்குள் விழுந்துவிட்டது. பிறகு அவன் காதில் செருகியிருந்த பென்சிலைத் தள்ளினான். மேனேஜர் குனிந்து முதுகைக் கொடுத்தார், அவர் கம்பெனி விளம்பரத் தாளின் பின்பக்கத்தில், 'லிஃப்ட்டை நிறுத்திக்கொள்ளலாம், உள்ளே இருப்பது நான்தான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வெளியே தள்ளினேன். பையன் அதை ஒருமுறை சத்தமாக வாசித்துவிட்டு மேலே ஏறினான். விளக்கு அணைந்தது. கொஞ்ச நேரம் இருட்டு. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. இரண்டாவது மாடியில் கதவைத் திறந்தார்கள். மேனேஜர் ஒரு பக்கம், பையன் ஒரு பக்கம் நடந்துவர, நான் படியேறி என் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

ஆக, என் ஒப்பந்தம் முதல்நாளே வேலை செய்கிறது. எழுத்தில் வாங்கியாகிவிட்டது. நகல் இதோடு வைத்திருக்கிறேன். நீங்கள் சொன்ன சொல்லின்படி இனிமேல் இந்த விஷயத்தில் வாயே திறக்கக் கூடாது. நான் இங்கேதான் இருப்பேன்.

மகளுக்கு என் ஆசிகள், முடியை ஒழுங்காகக் காயவைக்கச் சொல்லுங்கள். பேத்திக்கு ஆயிரம் முத்தம். உங்களுக்கும் மனதார ஆசி, நீலச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டு நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
என்றும் எதையும் மறக்காத உங்கள் அத்தை

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் மேனேஜர் மறுபடி மாடியேறி வந்தார். மோட்டாரில் பெரிய கோளாறாம். முன்பெல்லாம் என்றால் எதையாவது கட்டி, ஒட்டி, சாயங்காலமே ஓட்டியிருப்பார்களாம். இப்போது ஒட்டக் கூடாது. என் வரியை எடுத்து, வீட்டில் பேசுகிற பேச்சில் எனக்கே சொல்லிக் காட்டினார்: "முழுசாச் சரிபண்ணிட்டுத்தான் ஓட்டணும்னு நீங்கதாம்மா சொல்லியிருக்கீங்க." மோட்டாரையும் கம்பிக் கயிற்றையும் கழற்றிக்கொண்டு போகிறார்கள். யார் செய்ய வேண்டும் என்று அந்த வரியில் இருக்கிறது. செய்யாவிட்டால் என்ன என்றும் இருக்கிறது. எப்போது என்பதை எழுதவைக்க மறந்துவிட்டேன் மாப்பிள்ளை. மறந்துவிட்டேன் என்று நான் எழுதுவதை நீங்கள் இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறீர்கள், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத ஒன்றும் இல்லை என்றேனே, அந்த இருட்டு. "பயமா இருக்காம்மா?" என்று மேனேஜர் கேட்டார். இல்லை என்றேன். "எனக்கு இருக்கு" என்றார். கையைப் பிடித்துக்கொண்டோம். யார் முதலில் பிடித்தது என்பதை எழுதத் தேவையில்லை. அந்த இருட்டில் எனக்கு யார் செய்த குற்றமும் ஞாபகம் வரவில்லை. போனில் நீங்கள் சொன்னதும் வரவில்லை. பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நாலு மாடி ஏறி வந்து வாசலில் நின்றீர்களே, அதுதான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வாருங்கள். இறங்கும்போது நான் உட்கார மாடிக்கு ஒரு நாற்காலி போடச் செயலாளர் ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார், வழக்கம்போலப் படிக்காமல். உங்கள் வீட்டுக்கு வருவதற்கு என் ஷரத்துகள் இவை. லிஃப்ட் ஓடுகிற அன்று நான் திரும்பிவிடுவேன், இந்தமுறை 'எப்போது' என்பதை எழுதிவிட்டேன். போகச் சொல்லவில்லை என்பதற்காக இருந்துவிடமாட்டேன், இருக்கச் சொன்னால் பேசிக்கொள்ளலாம். இஸ்திரி மேஜை வேறு அறைக்குப் போக வேண்டும், யார் தூக்குவது என்றால் நீங்கள். என் அறைக்குள் வர எழுத்தில் சம்மதம் வேண்டாம், கதவைத் தட்டினால் போதும். பேத்தி தட்டவும் வேண்டாம்.